பனியனோடு ஒரு படம்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 45. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் 15 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் குடும்பத்தோடு கோவைக்குத் திரும்பிவிட்டேன். சரவணம்பட்டியில் அபார்ட்மென்ட். சொந்த ஊர் காங்கேயம் பக்கம்.

வந்ததிலிருந்து மூச்சு முட்டுகிறது. தை மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து கயிற்றுக் கட்டிலில் பனியனோடு தூங்கிவிட்டேன். சித்தப்பா அதைப் படம் எடுத்து, 'ஜெர்மனிக்காரர் ஓய்வில்' என்று பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். குரூப்பில் 140 பேர். வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறேன். ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? "நம்ம பையன்தானே, இதுல என்ன இருக்குது" என்கிறார்.

துணிக்கடையில் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினால் போன் நம்பர் கேட்கிறார்கள். அபார்ட்மென்ட் கேட்டில் வருகிறவர் போகிறவர் நம்பரெல்லாம் நோட்டில் எழுதி, அந்த நோட்டு திறந்தே கிடக்கிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சம்பளம் கேட்கிறார். மாரியம்மன் பொங்கலுக்கு என் முகத்தைப் போட்டு பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பெரியம்மா எங்கள் அறைக் கதவைத் தட்டாமல் திறக்கிறார். தட்டச் சொன்னால், "ஆமா, இவனொருத்தன் தொரை" என்று சிரிக்கிறார்.

ஜெர்மனியில் ஒருவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. 1907-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 2010-ல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது, வீட்டை மங்கலாக்கித் தரச் சொல்லி சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். வாசலில் கேமரா வைத்தால்கூட அது தெருவைப் பார்க்கக் கூடாது. இங்கேயும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சித்தப்பாவுக்கு யார் சொல்வது? கேட்டதற்கு, "வெளிநாடு போயிட்டு வந்து பையனுக்கு மண்டைக்கனம்" என்று சொந்தபந்தம், ஒரம்பரை முழுக்கப் பேச்சு.

(இது தவிர அம்மா பற்றியும் ஒரு வெசனம். அப்பா காலமான பின் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார், வயது 71. பல்லடம் பக்கம் 2024 நவம்பரிலும் சிவகிரி பக்கம் 2025-லும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் போய், கேமரா ஆறு மாட்டினேன். வாசல், தோட்டத்துக் கடவு, மோட்டார் ரூம், ஆசாரக் கூடம், சமையலறை, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி. போனிலேயே பார்த்துக்கொள்வேன், அதிலேயே "மாத்திரை போட்டீங்களா?" என்று பேசவும் செய்வேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று திருப்பூரில் இருக்கும் தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கும் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அம்மா பகல் முழுக்கக் கட்டுத்தாரையிலேயே, மாடுகளோடு உட்கார்ந்திருக்கிறார். வட்டலைக்கூட அங்கேயே எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறாராம். ஆசாரத்துக் கேமராவின் மேல் இரண்டு முறை துண்டு கிடந்தது, காற்றுக்கு வந்து விழுந்திருக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிய கணக்கை மட்டும் பைசா பிசகாமல் சொல்கிறார். மறதி நோயின் தொடக்கமோ என்று பயம். சரி, அது வேறு விஷயம்.)

அந்தப் படத்தை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. 140 பேர். நான் மாற வேண்டுமா, இவர்கள் மாற வேண்டுமா? மறுபடி ஸ்டுட்கார்ட்டுக்கே போய்விடலாமா?

கோவை வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பா செய்தது தப்புதான். படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், குரூப்பில் வேண்டாம், நேரில் போய். இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அப்புறம் சரியாகிவிடும். துணிக்கடைக்காரர் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது, "தர முடியாது" என்று சொல்லிப் பழகுங்கள். சம்பளம் கேட்கிற பக்கத்து இலைக்காரரை நான் தொட மாட்டேன், அவர் நம் ஊரின் காலநிலை மாதிரி.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்ட பகுதிதான். 'அது வேறு விஷயம்' என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காற்று துண்டைக் கீழே தள்ளும். சுவரில் மேலே இருக்கிற கேமராவில், அதுவும் இரண்டு முறை, ஏற்றிப் போடாது.

நீங்கள் கேமரா மாட்டிய இடங்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் கட்டுத்தாரை இல்லை. உங்கள் அம்மா பகலெல்லாம் உட்கார்ந்திருப்பது அங்கேதான். நான் அவரைப் பார்த்ததில்லை, இது என் ஊகம்தான். ஆனால் பால் கணக்கைப் பைசா பிசகாமல் சொல்கிற ஒருவர் மாடுகளுக்கு நடுவில் வட்டலை வைத்துச் சாப்பிடுகிறார் என்றால், முதலில் நான் மறதியைச் சந்தேகிக்க மாட்டேன். யாரும் பார்க்காமல் ஒரு வாய் சோறு உண்ண வேண்டும் என்று நினைத்திருப்பார். உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், தப்பில்லை. கேமராவைப் பற்றிப் பேசி முடித்த பிறகு காட்டுங்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 71 வயதுப் பெண், காலையிலிருந்து தோட்ட வேலை, மதியம் சேலையைத் தளர்த்திக்கொண்டு ஆசாரத்துச் சில்லுத் தரையில் சாய்கிறார். அது அவர் வாழ வந்த வீடு. மேலே சுவரில் ஒரு கண். அந்தக் கண்ணில் மகன் மட்டும் இல்லை, மாப்பிள்ளையும் இருக்கிறார். மாப்பிள்ளை வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நிற்கிற மாமியார்கள் இருக்கிற ஊர் இது. அவரிடம் பாஸ்வேர்டு இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அது ஒரு கஷ்டம். தெரியும் என்றால் அவர் ஏன் கட்டுத்தாரைக்குப் போனார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். திடீரென்று சுவரிலிருந்து "மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் வேறு வருகிறது. எனக்கே தூக்கிவாரிப்போடும்.

நம் அப்பாரு தலைமுறை ஆண்கள் சொந்த வீட்டுக்குள் நுழையும்போதே ஒருமுறை கனைப்பார்கள். பெண்கள் பொடக்காலியில் குளித்துக்கொண்டிருக்கலாம், துணி மாற்றிக்கொண்டிருக்கலாம். உள்ளே இருப்பவர் சுதாரித்துக்கொள்ள அந்த ஒரு கனைப்பு. அயலார் கடவில் நின்று "ஊட்டுல ஆருங்க?" என்று குரல் கொடுக்காமல் காலெடுத்து வைக்க மாட்டார்கள். சம்மதம் கேட்கிற பழக்கம் நமக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து வர வேண்டியதில்லை. உங்கள் கேமரா கனைக்காது, அதுதான் பிரச்சினை.

ஜெர்மன் சட்டத்தைச் சொன்னீர்கள். அது எதிலிருந்து பிறந்தது தெரியுமா? 1898 ஜூலையில், ஜெர்மனியை ஒன்றுபடுத்திய தலைவர் பிஸ்மார்க் தன் வீட்டில் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் அனுமதி இல்லாமல் அறைக்குள் புகுந்து, படுக்கையில் கிடந்த அந்தக் கிழவரைப் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். தடுப்பதற்கு நேரான சட்டம் இல்லாமல் நீதிபதிகள் திணறியதால்தான் 1907-ல் நீங்கள் சொல்கிற விதி வந்தது. படுக்கையில் கிடக்கிற, எழுந்து மறைத்துக்கொள்ள முடியாத ஒரு வயதானவரின் படம் அது. அந்தச் சட்டத்தின் நிழலில் 15 வருடம் இருந்துவிட்டு வந்தவர் நீங்கள்.

உங்கள் பயத்தை நான் சின்னதாக்கவில்லை. அந்தக் கொலைகளுக்குப் பின் தோட்டத்து வீடுகளில் பெற்றோரை விட்டுவிட்டு நகரத்தில் இருக்கிற எந்தப் பிள்ளைதான் நிம்மதியாகத் தூங்கியது? ஆனால் திருடன் கடவு வழியாக வருவான், வாசலில் வருவான். கேமரா இல்லாவிட்டாலும் நாய் குரைக்கும். சமையலறையில் உங்கள் அம்மா ரசத்துக்குத் தாளிப்பதைப் பார்ப்பதால் எந்தத் திருடனும் பிடிபடப் போவதில்லை. அந்த உள்கேமராக்கள் உங்களுக்காக மாட்டியவை, நீங்கள் பக்கத்தில் இல்லை என்ற குற்ற உணர்ச்சிக்காக. 15 வருடப் பாக்கியை லைவ் வீடியோவில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடுமையாகச் சொல்கிறேனா? சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சித்தப்பா "நம்ம பையன்தானே" என்றார். நீங்கள் "நம்ம அம்மாதானே" என்று மாட்டினீர்கள். அவர் ஒரு படம்தான் எடுத்தார்.

இன்றே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போங்கள். கடவில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள், பிறகு நேராகக் கட்டுத்தாரைக்கு. எந்தக் கேமரா இருக்கலாம், எதைக் கழற்ற வேண்டும் என்று அவரையே கேளுங்கள். "எனக்கென்ன சாமி தெரியும், உன் இஷ்டம்" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பால் கறந்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்து, இன்னொரு தரம் கேளுங்கள்.