சென்னைப் புறநகரில் வயர்லெஸ் இன்டர்நெட் கொடுக்க, எல்லா டவருக்கும் ஒரே லாகின் சர்வர் வைப்பது எப்படி?

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் நாலு மொட்டைமாடிகளில் டவர் போட்டு, எல்லாவற்றையும் பிரிட்ஜ் செய்து (ஒரே நெட்வொர்க்காக இணைத்து), வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் நடுவில் உள்ள ஒரே ரூட்டரில் லாகின் செய்ய வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்சென்னையில் இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரிட்ஜ் வேண்டாம். வாடிக்கையாளர் கணக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும், அவர்களின் இணைப்பு அந்தந்த டவரிலேயே முடியட்டும்.

பிரிட்ஜ் செய்தால் ஒரு வீட்டில் கேபிளைத் தவறான போர்ட்டில் செருகினாலும் அந்தத் தொல்லை எல்லா டவருக்கும் பரவும். எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளே ரேடியோவின் நேரத்தைத் தின்றுவிடும். அதனால் டவருக்கு ஒரு ரூட்டர், அதிலேயே வாடிக்கையாளரை லாகின் செய்ய வைக்கும் பிபிபிஓஇ சர்வர், டவர்களுக்கு இடையே வழியைத் தானே கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப். யூசர்நேம், பாஸ்வேர்டை மட்டும் அந்த ரூட்டர் நடுவில் உள்ள ரேடியஸ் சர்வரிடம் (லாகினைச் சரிபார்த்து, பயன்பாட்டையும் பதியும் சர்வர்) கேட்கும். அதற்கு நெட்வொர்க் போர்ட் எண் 1812, பயன்பாட்டுக் கணக்குக்கு 1813. பணம் கட்டியவுடன் வேகத்தை மாற்ற, கட்டாதவரைத் துண்டிக்க 3799. ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருளும் ஒரு டேட்டாபேஸும் இதற்குப் போதும்.

உண்மையான தலைவலி கரண்ட் கட்டில்தான். டவர் ரூட்டர் சட்டென்று அணைந்தால் 'இணைப்பு முடிந்தது' என்ற தகவல் சர்வருக்குப் போகாது. ஒரு கணக்குக்கு ஒரு லாகின் என்று வைத்திருப்பீர்கள். கரண்ட் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வர முயல்வார்கள். சர்வரோ, 'நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய்' என்று திருப்பி அனுப்பும். அப்புறம் போன் ஓயாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ரூட்டரிடமிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடைக்காலப் பயன்பாட்டுக் கணக்கு வரும்படி வையுங்கள். பதினைந்து நிமிடம் அது வராத இணைப்பை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் மறுபடி எழும்போது 'அக்கவுன்டிங்-ஆன்' (புதிதாக எழுந்தேன் என்ற தகவல்) அனுப்புமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அனுப்பினால் அந்த டவரின் பழைய இணைப்புகளை சர்வர் தானே மூடிவிடும்.

ரேடியஸ் சர்வர் இரண்டு வேண்டும், வெவ்வேறு கட்டடங்களில். சர்வர் படுத்தால் உள்ளே இருப்பவர்கள் பொதுவாகத் துண்டிக்கப்பட மாட்டார்கள், ஆனால் புதிதாக யாரும் நுழைய முடியாது. ரூட்டரும் ரேடியஸ் சர்வரும் ஒன்றையொன்று நம்ப, டவருக்கு ஒரு தனி ரகசியச் சொல் கொடுங்கள். ரேடியஸ் போக்குவரத்தை வாடிக்கையாளர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க விடாதீர்கள்.

ரேடியோ பற்றிச் சுருக்கமாக: 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும் பகுதிக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. ஆனால் காசு வாங்கி இணையம் தர ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) உரிமம் கட்டாயம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் டவருக்கு டவர் பார்வை தடையில்லாமல் கிடைக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் மழைக்கும் தாங்கும். 60 கிகாஹெர்ட்ஸை நம்பி நீண்ட லிங்க் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அவதிதான். கம்பத்துக்கு இழுகம்பி கட்டாயம், 2016 டிசம்பர் வர்தா புயலை நினைவில் வையுங்கள்.

முதல் டவர் தயாரானதும் ஆள் சேர்க்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ரேடியஸ் சர்வர் ஒன்றை நிறுத்திவிட்டு, புது லாகின் மற்றொன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். பிறகு டவர் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மாட்டி, எல்லோரும் திரும்ப உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.