லண்டனில் திருநெல்வேலிக் காலராவைத் தேடுவது பற்றி

பாளையங்கோட்டையிலிருந்து ஆய்வுக்காக லண்டன் சென்று, மருத்துவ வரலாற்றுக்கான வெல்கம் நூலகத்தின் அட்டவணையில் 'திருநெல்வேலி' என்று தேடியும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலராவைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்றைய ஆங்கிலேயர் நம் ஊரை 'டின்னவெல்லி' (Tinnevelly) என்றும் பாளையங்கோட்டையைப் 'பாலம்கோட்டா' (Palamcottah) என்றுமே எழுதினார்கள். அவர்களுடைய எழுத்துக்கூட்டலில்தான் நீங்களும் தேட வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால், ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, சென்னை மாகாணச் சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பெற்று, மாவட்டவாரிச் சாவுக்கணக்கைப் பாருங்கள்.

மிஷனரிமார் கடிதங்களுக்கு வேறு ஊர்களுக்குத்தான் போக வேண்டும்: சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், இடையன்குடிக் கால்டுவெல் சார்ந்திருந்த எஸ்.பி.ஜி. என்ற மற்றொரு மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலும் உள்ளன. தமிழ்த் தாள்கள் கைக்கு வந்தால், காலராவுக்கு நம்மூரில் வழங்கிய 'வாந்திபேதி' என்ற சொல்லையும் தேடுங்கள். பேனாவை அறைக்குள் விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள்.