ஹெச்.பி.வி.: ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதா, வைரஸின் டி.என்.ஏ. பார்ப்பதா?

கேள்வி: எனக்கு வயது 38, அக்காவுக்கு 45. இருவரும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது, கருப்பைவாய்ப் புற்றுநோய் அபாயத்தை அறிய என்று சொல்லி ஹெச்.பி.வி. ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். எனக்கு பாசிட்டிவ், அக்காவுக்கு நெகட்டிவ். எனக்குப் புற்றுநோய் வருமா? அக்கா இனிக் கவலையின்றி இருக்கலாமா?

பதில்: இந்த இரண்டு முடிவுகளில் எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் அக்காவுக்கு வந்திருக்கும் நெகட்டிவ்தான். உங்கள் முடிவு உங்களை அச்சுறுத்தியிருக்கிறது என்றாலும், அடுத்து என்ன செய்வது என்று கேட்க வைத்திருக்கிறது; அவருடைய முடிவோ, செய்ய வேண்டிய பரிசோதனையைத் தள்ளிப்போட வைத்துவிடக்கூடும்.

ஹெச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ் கருப்பை வாயின் மேல்தோல் செல்களிலேயே தங்கிப் பெருகுகிறது. ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதில்லை. தான் குடியேறிய செல்லை வெடிக்கச் செய்வதோ பெரிய அழற்சியை உண்டாக்குவதோ இல்லாததால், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. ஆகவே, இயற்கையாகத் தொற்று ஏற்பட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சற்று மேற்பட்டோரின் ரத்தத்தில்தான் அளக்கத்தக்க எதிர்ப்பொருள் உருவாகிறது. அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம். இன்று தொற்று இருக்கும் ஒரு பெண்ணின் ரத்தம் நெகட்டிவ் என்று காட்டுவது முற்றிலும் சாத்தியம்.

மறுபுறம், ஒருமுறை உருவான எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் நீடிக்கலாம். இந்தத் தொற்றுகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு, இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. எனவே உங்களுடைய பாசிட்டிவ், எப்போதோ இந்த வைரஸை உங்கள் உடல் சந்தித்தது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். புற்றுநோய் அபாயத்தைக் கணிக்க இந்த ரத்தப் பரிசோதனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மக்கள்தொகை ஆய்வுகளிலும் தடுப்பூசி ஆய்வுகளிலும் அதற்கு இடம் உண்டு, தனி ஒருவரின் சிகிச்சை முடிவில் இல்லை.

தெரிய வேண்டியது ஒன்றே: அபாயம் மிகுந்த வகை வைரஸ் இப்போது கருப்பை வாயில் இருக்கிறதா? 1983-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் கருப்பைவாய்ப் புற்றுத் திசுவில் இந்த வைரஸின் 16-ஆம் வகையின் டி.என்.ஏ.வைக் கண்டனர், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையை. உலகில் இப்புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம். வைரஸ் பல ஆண்டுகள் விலகாமல் தங்கினால்தான் செல்கள் படிப்படியாக மாறிப் புற்றாகின்றன. அதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். கண்டுபிடித்துத் தடுக்க இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு.

டி.என்.ஏ. பரிசோதனையில், மருத்துவரோ செவிலியரோ கருப்பை வாயில் ஒரு சிறு தூரிகையைச் சுழற்றிச் செல்களை எடுத்து, திரவம் உள்ள குப்பியில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். சில நிமிட வேலை; மயக்க மருந்து தேவையில்லை. கூச்சமாக இருந்தால், பி.சி.ஆர். முறையில் ஆராயும் இடங்களில் நீங்களே பிறப்புறுப்பிலிருந்து மாதிரி எடுத்துத் தரலாம். அதன் நம்பகத்தன்மை மருத்துவர் எடுப்பதற்கு ஏறத்தாழ இணையானது. மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். முந்தைய இரண்டு நாட்களுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பு எதுவும் வேண்டாம்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையான சுமார் 1,30,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. ஒரே ஒருமுறை டி.என்.ஏ. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டு, தேவையானோருக்குச் சிகிச்சையும் அளிக்கப்பட்ட குழுவில், இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) குழுவிலும், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையிலும் அப்படித் தெளிவான குறைவு தென்படவில்லை. ஆனால் அதே அமில முறை திண்டுக்கல் மாவட்ட ஆய்வில் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது என்று நான் கருதுகிறேன். டி.என்.ஏ. பரிசோதனைக்கு வழியில்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் அந்த அமிலப் பரிசோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளலாம்.

ஆகவே நீங்கள் இருவருமே டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி 5 முதல் 10 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் செய்தால் போதும், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி 3 முதல் 5 ஆண்டுகள். 16 அல்லது 18 என்று வந்தால் நேரடியாகக் கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டும். மற்ற வகைகள் என்றால் முதலில் பாப் ஸ்மியர். அது இயல்பாக இருந்தால் ஓராண்டு கழித்து டி.என்.ஏ. பரிசோதனையை மீண்டும் செய்யலாம். பாசிட்டிவ் வந்தாலும் அது புற்றுநோய் என்று பொருளல்ல. கணவர் மீதோ உங்கள் மீதோ ஐயம் கொள்ளவும் அதில் இடமில்லை, ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் வந்த தொற்று அடங்கியிருந்து இப்போது தென்படலாம்.

உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஏதேனும் உங்களில் ஒருவருக்கு இருந்தாலும், எந்தப் பரிசோதனையின் முடிவுக்கும் காத்திராமல் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.