அலுவலக நேரத்துக்குள்ளேயே தொந்தரவில்லாமல் யோசித்து வேலை பார்க்க நேரம் ஒதுக்குவது எப்படி?

சென்னையில் மென்பொருள் வேலை எனக்கு, கிளையன்ட் லண்டனில். அங்கே காலை 9 மணி என்றால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு மதியம் 1:30. மற்ற மாதங்களில் 2:30. ஆக, காலை முழுக்க அங்கிருந்து நம்மைக் கூப்பிட ஆளே இல்லை.

இருந்தும் எங்கள் குழுவில் காலை நேரம் உருப்பட்டதில்லை. காரணம் 11 மணி ஸ்டேண்ட்-அப், அதாவது அவரவர் வேலை நிலவரத்தைச் சொல்லும் தினசரி மீட்டிங். பேருக்குத்தான் 15 நிமிடம். ‘இப்போ மீட்டிங் வந்துடுமே’ என்று 10 மணிக்கே பெரிய வேலையில் கை வைக்க மனசு வராது. மெயில் பார்ப்பதில் போய்விடும். மீட்டிங் முடிந்தால் டீ, அப்புறம் சாப்பாடு.

அதை மதியம் 1:15-க்கு மாற்றச் சொல்லி லீடிடம் கேட்டோம். தயங்கினார். “கிளையன்ட் கால் வரும்போது எல்லார் நிலவரமும் சுடச்சுட உங்கள் கையில் இருக்கும்” என்றதும் சரி என்றார். எனக்கு நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தால் நடந்திருக்காது.

காலண்டரில் ‘ஃபோகஸ் டைம்’ என்று போட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதன் மேலேயே மீட்டிங் வைப்பார்கள். ‘பில்லிங் மாட்யூல் டிசைன்’ என்று வேலையின் பெயரையே போடுங்கள், கை வைக்க யோசிப்பார்கள். காலை 7 மணிக்கே வந்துவிடு என்பார்கள் சிலர். இரவு 8 மணி வரை கிளையன்ட் கால் இருக்கிறவனிடம் சொல்கிற யோசனையா அது?

புரொடக்‌ஷனில் (பயனர்கள் நேரடியாக உபயோகிக்கும் சிஸ்டத்தில்) ஏதாவது விழுந்தால் பாதியில் எழுந்துதான் ஆக வேண்டும். பாதியில் விட்ட வேலை மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ஓர் ஆய்வில் காட்டினார். எழும் முன் எங்கே விட்டோம், திரும்பி வந்து எதைத் தொட வேண்டும் என்று குறித்துவிட்டால் அது குறைகிறது என்பது தெரெசா கிளாம்புடன் சேர்ந்து அவர் பின்னர் செய்த ஆய்வு. நான் புரோகிராம் கோடிலேயே ஒரு கமென்ட்டாக எழுதிவிட்டு எழுவேன். திரும்பி வந்ததும் தேட வேண்டியதில்லை.

சப்போர்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் அப்படியே ஒத்துவராது. அங்கே முறை வைத்துக்கொள்வதுதான் வழி: இன்றைக்கு வரும் டிக்கெட் (பயனர்களின் புகார், கோரிக்கை) எல்லாம் ஒருவர் தலையில், மற்றவர்களை மதியம் வரை கூப்பிடக் கூடாது. விடுப்பு நாட்களில் யார் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள், சண்டை அங்கேதான் வரும்.