டிரைவை ஏற்றினால் கொசுச் சத்தம்!

கேள்வி: ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) வைத்திருக்கிறேன். டியூப் ஸ்க்ரீமர் என்கிற, ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலில் டிரைவை (கரகரப்பின் அளவை) முழுக்க ஏற்றினால் கொசு ரீங்காரம் மாதிரி மெலிசாக வருகிறது, டிலே (எதிரொலி) பெடல் போட்டால் எல்லாம் குழம்பிவிடுகிறது. வேறு பெடல் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம், காசைப் பத்திரமாக வையுங்கள். முதலில் பெடல்களைக் கழற்றிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகி வால்யூமை ஏற்றிக்கொண்டே போங்கள். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரவென்றும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். சத்தம் தாங்கவில்லையென்றால் மாஸ்டரை (மொத்தச் சத்தத்துக்கான திருகை) குறைக்கலாம் (15 வாட்தானே என்று நினைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்). அப்புறம் பெடலில் டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கி, லெவலை (பெடலிலிருந்து வெளிவரும் ஒலியின் அளவை) ஏற்றுங்கள். அந்தப் பெடல் பாஸை (தாழ்ந்த ஒலிகளை) குறைத்து ஒலியின் நடுப்பகுதியைத் தூக்குகிற வகை, தனியாகக் கத்தவிட்டால் மெலிசாகத்தான் இருக்கும். ஆம்ப்பின் 12ஏஎக்ஸ்7 டியூப்களை (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களை) அது உந்தித் தள்ளும்போதுதான் நீங்கள் தேடுகிற அந்தத் தடித்த ஒலி கிடைக்கும்.

டிலே வேறு விஷயம். உங்கள் ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (கரகரப்பு உண்டான பிறகு பெடலைச் சேர்க்கும் இணைப்பு) கிடையாது, அதனால் எதிரொலிகளும் ஆம்ப்பின் கரகரப்புக்குள்ளேயே போய் விழுகின்றன. டிலேயைக் கடைசிப் பெடலாக வைத்து மிக்ஸை (எதிரொலியின் அளவை) நன்றாகக் குறையுங்கள், போதும்.

இன்னொன்று, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு மட்டும் ஆம்ப்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.