அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களின் பைபிள் கிளப்புக்குப் பல கிறிஸ்தவ ஊழியங்கள் (ஊழிய அமைப்புகள்) சேர்ந்து உதவலாமா?

உதவலாம், நடத்தக் கூடாது. 1984-ஆம் ஆண்டின் சம அணுகல் சட்டம் போட்ட கோடு அது. ஒமாஹா நகரப் பள்ளி ஒன்றைப் பற்றிய மெர்ஜென்ஸ் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே பாடத்தோடு சேராத செஸ் கிளப்பும் ஸ்கூபா கிளப்பும் இருந்ததால், பைபிள் கிளப்பை மட்டும் மறுக்க முடியவில்லை.

மாணவர்களே தொடங்க வேண்டும். ஆசிரியர் கண்காணிப்புக்கு உட்காரலாம், ஜெபத்தில் சேரக் கூடாது. வெளியாட்கள் வழக்கமாக வந்துபோகக் கூடாது. பல ஊழியங்கள் சேரும்போது இடறுவது இங்கேதான்: மூன்று ஊழியங்கள், ஆளுக்கு மாதம் ஒரு வருகை. தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். கூட்டிப் பார்த்தால் நாலில் மூன்று வாரம் ஒரு பாஸ்டர் முன்னால் நிற்பார். பள்ளி நிர்வாகம் கேள்வி கேட்டால் பதில் இருக்காது.

ஆகவே பொது நாட்காட்டி ஒன்று போதும், அதுவும் மாணவர் கையில். ஒரு ஊழியம் தலைவர்களுக்குச் சனிக்கிழமை பயிற்சி தரட்டும், பள்ளிக்கு வெளியே. இன்னொன்று பைபிள் வாங்கித் தரட்டும், வேறொன்று பீட்சாவுக்குப் பணம். யாருடைய பேனர் என்ற சண்டையை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

பல கிளப்புகள் சாவது சட்டத்தால் அல்ல, 12-ஆம் வகுப்புத் தலைவர் படிப்பு முடித்துப் போவதால். மார்ச்சிலேயே 10-ஆம் வகுப்பு மாணவர் ஒருவரை இரண்டு கூட்டம் நடத்த விடுங்கள்.