வாங்குவோர் கேள்வி-பதில்: சக்கரத்தில் கல் உரசினால்

கேள்வி: கோயில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது இடப்பக்க முன் சக்கரம் தெருவோரக் கல்லில் உரசிவிட்டது. வெள்ளி நிற வண்ணம் பூசிய அலாய் வீல். வண்டியின் உடலைச் சரிசெய்யும் பேனல் பீட்டரிடம் போகாமல் கையாலேயே சரிசெய்ய முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முடியும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் சக்கரத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்திவிட்டு, உரசிய கோட்டின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் சிக்காமல் வழுக்கிச் சென்றால், காயம் பெரும்பாலும் வண்ணத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் பூச்சோடு நின்றுவிட்டது என்று பொருள். அல்லது கல்லின் தூசியும் விளிம்புக்கல்லில் அடித்த வண்ணமும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மென்மையான துணியும் ஒரு சிறிய டின் பாலிஷ் காம்பவுண்டும் போதும்; வேறு எதையும் வாங்க வேண்டாம்.

நகம் சிக்கினால் உப்புத்தாள் தேவைப்படும். சக்கரத்தைக் கழற்றிக்கொள்வது நல்லது. கழற்றாமல் செய்வதானால் பிரேக் தட்டையும் டயரையும் முழுவதுமாக மூடிவிட வேண்டும். டயருக்கும் ரிம்முக்கும் இடையே பழைய சீட்டுக்கட்டின் சீட்டுகளை வரிசையாகச் செருகிவிட்டால் மாஸ்கிங் டேப்பைவிட அது சுத்தமாக மறைக்கும். டயருக்குப் பளபளப்பு ஏற்றும் திரவத்தின் சிலிக்கோன் ரிம்மில் ஒரு துளி இருந்தாலும் வண்ணம் அந்த இடத்தில் பிடிக்காமல் சிறு குழிகளாக விலகி நிற்கும். ஆகவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். 240ஆம் எண் தாளால் துருத்திக்கொண்டிருக்கும் உலோகச் சிலும்பை மட்டும் தணியுங்கள். பிறகு 400ஆம் எண் தாளை நீரில் நனைத்து, பழைய வண்ணம் முடிந்து உலோகம் தொடங்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தெரியாத அளவுக்குத் தேயுங்கள். பெரும்பாலானோர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். இங்கே விட்ட வரம்பு கடைசிப் பூச்சுக்குப் பிறகும் கோடாகத் தெரியும். பள்ளம் இருந்தால் இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையை நிரப்பி, முழுவதும் இறுகிய பிறகு தேய்க்கலாம்.

வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமரை வாங்கும்போது வெறும் அலுமினியத்தில் பிடிக்கும் என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிரைமர், வெள்ளி வண்ணம், கிளியர் ஆகிய மூன்றையும் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் கிளியர் பூச்சு பால் கலந்ததுபோல் மங்கிவிடும் என்பதால், அவசரமில்லையென்றால் ஜூன், ஜூலை மாதங்களின் உலர்ந்த பகல்பொழுதுக்குக் காத்திருங்கள். நட்டுகள் அமரும் குழிகளிலும் சக்கரத்தின் பின்முகத்திலும் வண்ணம் படக்கூடாது. அங்கே படிந்த வண்ணம் நசுங்கினால் நட்டு தளரும். மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனரால் மறுபடியும் சரிபாருங்கள்.

கேள்வி: கீறலை ஒரே துடைப்பில் நீக்கும் அற்புதத் துணி இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: வேண்டாம். அதே துணி என் கராஜ் அலமாரியிலும் ஒரு டின்னில் கிடக்கிறது. அதிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். இரண்டாவது முறை வண்டி கழுவும்போது கீறல் திரும்பி வரும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களென்றால், நம் தென்னாப்பிரிக்க மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பிவிடலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

கேள்வி: என் கணவரின் காரில் முகம் மின்னும் டயமண்ட் கட் மேக் (அலாய்) வீல்கள். உதிரிபாகக் கடையில் கைப்பேசிப் படத்தைக் காட்டி, இதற்கு உதவுமா என்று கேட்டுத்தான், கீறலில் வண்ணம் பூசும் டச்-அப் பேனாவை வாங்கினேன். பூசிய இடம் இப்போது சாம்பல் நிறத் திட்டாக இருக்கிறது. திறந்த பொருளைத் திருப்ப முடியாது என்கிறார்கள்.
– வாசகி, டொங்காட்

பதில்: உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள். காட்ட வேண்டியதைக் காட்டினீர்கள். இன்ன காரியத்துக்கு என்று வாங்குபவர் குறிப்பாகச் சொல்லி, அத்தகைய பொருளை வழக்கமாக விற்பவர் அதைக் கொடுத்தால், அந்தக் காரியத்துக்கு அது பொருந்த வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. பொருந்தாவிட்டால் 6 மாதத்துக்குள் திருப்பலாம் என்பது அடுத்த பிரிவு. திறக்காமல் ஒரு பேனாவைப் பூசிப்பார்ப்பது எப்படி என்று அந்தக் கடைக்காரர்தான் விளக்க வேண்டும். கடையில் காட்டிய படத்தையும் ரசீதையும் வைத்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள்.

இத்தகைய சக்கரத்தின் முகத்தை உற்றுப் பார்த்தால் கிராமபோன் தட்டில் உள்ளதுபோல் நுண்ணிய வட்டக் கோடுகள் தெரியும். அது வண்ணமன்று, கடைசல் இயந்திரத்தில் சீவிய வெறும் அலுமினியத்தின் மேல் கிளியர் மட்டும் பூசியது. கையால் அந்தக் கோடுகளைத் திரும்ப உண்டாக்க முடியாது. கடைசல் வசதியுள்ள பட்டறையில்தான் சீவ வேண்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் குறைவதால், ஒரு சக்கரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சீவவும் இயலாது.

கேள்வி: அடியில் பொத்தானை அழுத்தினால் ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் 2கே கிளியர் டின் வாங்கி, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சக்கரத்துக்கு அடித்தேன். தலைவலியும் இருமலும் வந்தன. மீதியை அடுத்த வாரம் எடுத்தால் உள்ளேயே இறுகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: கேட்க முடியாது. கலந்த பிறகு குறித்த நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதும், ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது என்பதும் அந்த வகை டின்களின் மேலேயே எழுதியிருக்கும். படிக்காதது கடையின் குறையன்று. அந்தப் பொருள் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. சாதாரணத் தூசி முகமூடி அதற்குத் தடுப்பாகாது. இருமல் நிற்கவில்லையென்றால் டின்னையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மீதிச் சக்கரங்களுக்கு ஹார்ட்னர் இல்லாத 1கே கிளியரை வாங்கித் திறந்த வெளியில் அடியுங்கள். அதன் உறுதி சற்றுக் குறைவுதான்.

கேள்வி: கார் கழுவும் இடத்தில் சக்கரங்களில் ஏதோ திரவத்தைத் தெளித்தார்கள். பழைய உரசல்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை பூத்து, சுற்றியுள்ள வண்ணமும் உரிகிறது. கேட்டால் ‘உரிமையாளரே பொறுப்பு’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், வெருலம்

பதில்: இந்தப் பலகையைப் பற்றி எழுத நெடுநாளாக எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

முதலில் திரவம். பிரேக் தூசியை நொடியில் கரைக்கும் மலிவான சக்கரக் கழுவிகள் பலவற்றில் வலுவான அமிலம் இருக்கிறது. முழுமையான பூச்சுள்ள சக்கரத்தில் தெளித்து உடனே அலசினால் தப்பிவிடலாம். ஆனால் உரசல் என்பது பூச்சு திறந்துகிடக்கும் வாசல். அமிலம் அதன் வழியே நுழைந்து அலுமினியத்தைத் தின்கிறது, பூச்சு அடியிலிருந்து கிளம்பிவிடுகிறது. நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று அதே வேலையை மெதுவாகச் செய்யும். ஓடி வந்த சூட்டோடு இருக்கும் சக்கரத்தில் அமிலத்தைத் தெளித்து, வெயிலில் காயவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விடுகிற பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெயர்ச்சீட்டு இல்லாத இருபது லிட்டர் கேனை மலிவாக இருக்கிறது என்று வாங்கிவந்து அவன் கையில் கொடுத்த முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி பலகை. அது மந்திரத் தகடு அன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அறிவிப்பு எளிய மொழியில், வண்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வாடிக்கையாளரின் கவனத்தில் படும்படி இருக்க வேண்டும் என்று அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு கேட்கிறது. குழாய்க்குப் பின்னால் பாசி படிந்து தொங்குவது அந்தத் தேர்வில் தேறாது. எவ்வளவு பெரிதாக எழுதினாலும் படுமோசமான கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒப்பந்தத்தால் துறக்க முடியாது என்கிறது 51ஆம் பிரிவு. சேவை தரக்குறைவாக இருந்தால் குறையை நீக்கித் தரவோ கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பவோ கேட்கலாம் என்பது 54ஆம் பிரிவு. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே பலகையை மாட்டுகிறவர்கள், நீங்கள் வாய்மூடித் திரும்பிவிடுவீர்கள் என்பதை நம்பித்தான் மாட்டுகிறார்கள்.

சக்கரங்களை இன்றே படமெடுத்து, பயன்படுத்திய திரவத்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தென்னாப்பிரிக்க வாகனத் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள், கட்டணம் இல்லை. அதுவரை எதையும் தேய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: காருக்கு உள்ள வண்ணக் குறியீட்டையே சக்கரத்துக்கும் வாங்கலாமா?
– வாசகர், லெனேசியா

பதில்: கூடாது. இரண்டும் வெவ்வேறு குறியீடுகள்.

கேள்வி: தனிநபர் ஒருவரிடம் பழைய அலாய் வீல்கள் நான்கை வாங்கினேன். உரசலை நீக்கத் தேய்த்தபோது, புது வண்ணத்துக்கு அடியில் மெல்லிய விரிசல் தெரிந்தது. ஃபூட்ஸ்டூட்ஸ், இருந்தபடியே விற்றேன் என்கிறார். எப்பாக்சி நிரப்பி ஓட்டலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஓட்டக்கூடாது. எப்பாக்சி தோற்றத்தைச் சீராக்குமே தவிர விரிசலைப் பிணைக்காது. வெல்டிங் செய்து தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

வியாபாரம் நடத்தாத தனிநபரின் விற்பனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பது உங்கள் துரதிர்ஷ்டம். ஆனால் குறையைத் தெரிந்தே மறைத்தவரை ஃபூட்ஸ்டூட்ஸ் காப்பாற்றாது. விரிசலின் மேல் புதிதாக வண்ணம் அடித்தது அவர்தான் என்று காட்ட முடிந்தால், வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு மீதமிருக்கும் அந்த வண்ணம்தான் சாட்சி என்பதால், உப்புத்தாளை எடுத்து வைத்துவிட்டுச் சக்கரத்தை அப்படியே துணியில் சுற்றி வையுங்கள்.